வாடகை வாங்கிக்கொண்டு கப்பலேறிய சைக்கிள்

அத்தியாயம் 14

கடல் தாண்டிச் சரக்கு அனுப்பிய அத்தனை பேரும் வாடகை கொடுத்திருக்கிறார்கள். ராஜாக்கள் கொடுத்தார்கள், வெள்ளைக்காரன் கொடுத்தான், நம் ஊர் வத்தல் வியாபாரிகள் மூக்கால் அழுதுகொண்டே கொடுத்தார்கள். உலகம் தோன்றிய நாளிலிருந்து, வாடகை வாங்கிக்கொண்டு கடலில் இறங்கிய ஒரே சரக்கு என் மகளின் சைக்கிள்தான்.

நூற்று நாற்பது ரூபாய். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒருவர்கூட நம்ப மாட்டார்கள்.

போன வாரம் என்னை மதுரையில் ஒரு கூரியர் ஆபீஸ் வாசலில், கயிறு சுற்றிய மலை ஒன்றோடு நிற்க வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள். அங்கேயே நின்று என் நிழலுக்கே கால் வலி வந்துவிட்டது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்த மலை என் மகள் கனகலட்சுமிக்கு. மாலத்தீவில் ஒரு குட்டித் தீவில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலின் பலத்தைக் கொண்டுபோய்விட்டது. எம்.ரெட்டியபட்டிப் பட்டறையில் அவளுக்கென்றே செய்த மூன்று சக்கர சைக்கிளில்தான் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம். வேலை கிடைத்தபோது பள்ளிக்கூடத்துக்காரர்கள் செலவில் அந்த சைக்கிளும் கூடவே போனது. நான்கே வருஷம். உப்புக்காற்று அதன் பின்பாதியை அப்பளம் மாதிரி நொறுக்கித் தின்றுவிட்டது.

இரண்டு மாதமாக அவள் வகுப்புக்கும் அறைக்கும் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் உண்டு. மற்ற நேரமெல்லாம் நான்கு சுவர்.

பட்டறையில் புதிதாகப் பின்சட்டம் செய்தோம். இரண்டு சக்கரம், அச்சு, மட்காடு. எல்லாவற்றையும் சேர்த்து நான் ஒரே மூட்டையாகக் கட்டினேன். ஏனென்றால் முப்பத்தெட்டு வருஷம் லாரி செட்டில் புக்கிங் கிளார்க்காக இருந்தவன் நான். அங்கே வாடகை உருப்படிக் கணக்கு. எத்தனை உருப்படியோ அத்தனை வாடகை. ஐந்து உருப்படியை ஒன்றாகக் கட்டுகிறவன் கெட்டிக்காரன். நான் கட்டிய கட்டில் ஒரு யானையைச் சேர்த்து வைத்திருந்தாலும் அது ஒரு உருப்படிதான்.

கூரியர் பையன் அதைத் தூக்கியே பார்க்கவில்லை. டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தான்.

"இருநூத்தம்பது கிலோ சார்."

"தம்பி, சாமான் முப்பத்தோரு கிலோ. மிச்சம் இருநூத்திப் பத்தொம்பது கிலோ எங்கப்பா இருக்கு?"

"அது உள்ள இருக்கிற காத்து சார். ஏரோப்பிளேன்ல எடத்துக்குத்தான் ரேட்டு."

ஒரு லட்சத்துச் சொச்சம் கேட்டான். எங்கள் ஊர்க் காற்றுக்கு அவ்வளவு விலை என்று தெரிந்திருந்தால் நான் மூச்சு விட்டதையெல்லாம் பாட்டிலில் அடைத்து வைத்திருப்பேன். தபால் ஆபீசில் பின்சட்டத்தின் நீளத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். வெட்டி இரண்டாக அனுப்பலாம் என்றார் ஒருவர். வெட்டி ஒட்டினால் அது என் மகளைத் தாங்காது.

மிச்சம் இருந்தது தோணிதான். தூத்துக்குடியிலிருந்து மாலேக்கு வெங்காயமும் காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போகின்றன. அங்கேயும் இடத்துக்குத்தான் வாடகை. ஆனால் நியாயமான வாடகை. ஐந்தடிக்கு மூன்றடிக்கு மூன்றடி மரப்பெட்டி ஒன்றுக்கு ஒன்பதாயிரத்து இருநூற்று அறுபது. அந்தத் தொகைக்கு நான் எட்டு மாதம் டீக்கடைப் பக்கம் தலை வைக்காமல் இருக்க வேண்டும். டீக்கடை மூடிவிடும். ஊரே பாதிக்கப்படும்.

அந்த அளவில் செய்து வாங்கிய பெட்டி வீட்டு நடையில் கிடந்தது. என் மனைவி முத்துமாரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள பூராம் வெறும் எடமால்ல கெடக்கு. ஒரு குடும்பம் குடியிருக்கலாம் போல."

என் தலைக்குள் லாரி ஒன்று ஸ்டார்ட் ஆனது. குடியிருந்தால் வாடகை கொடுக்க வேண்டும் இல்லையா?

துண்டு வியாபாரி சந்தனத்திடம் போனேன். மாலேக் கடை ஒன்றுக்கு மாசாமாசம் வெள்ளைத் துண்டு அனுப்புகிற பெண்மணி. ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குத் தனிச் செலவு, தோணிக்குத் தனிச் செலவு. "என் பெட்டியில சக்கரத்து நடுவுலயும் சட்டத்து நடுவுலயும் உன் துண்ட அடுக்கிக்க. பெட்டிக் காசு உனக்கு மிச்சம். ஒம்பதாயிரத்து நானூறு குடு" என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். சரி என்றாள். பெட்டி மாலேக் கடைக்குப் போகும். கடைக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு, சைக்கிள் சாமானைத் தீவுக்குப் போகிற படகில் ஏற்றிவிடுவார்.

இதை லாரி செட்டில் போய்ச் சொன்னேன். ஒருவன் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டான். ரிட்டயர் ஆன புதிதில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது டீ மாஸ்டர் ஒருவர்தான். அவரும் கிளாஸ் கழுவிக்கொண்டேதான் கேட்கிறார்.

சரி, நடந்தது இவ்வளவு. இனி வியாழக்கிழமை.

புதன்கிழமை சாயங்காலம் கனகம் போன் பண்ணினாள். பள்ளிக்கூடம் அடுத்த பருவத்திலிருந்து தீவின் தெற்குக் கோடியில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அவள் அறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். தானாக வந்து போக முடியும் என்றால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். பதிலை வியாழன் மூன்று மணிக்குள் சொல்ல வேண்டும். அங்கே வெள்ளி லீவு.

"சைக்கிள் கெளம்பிருச்சுன்னா வாரேன்னு கையெழுத்துப் போடுவேன். இல்லாட்டி வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துருவேன்ப்பா."

"நாளைக்கு மத்தியானம் தோணியில ஏறிரும் தாயி. ஏறுறப்ப தூத்துக்குடியே கூடி நின்னு கை தட்டும்."

"அப்பா, போன பொங்கலுக்கு ஊறுகா அனுப்பிட்டேன்னு சொன்னீங்க. இன்னும் வரல."

அந்த ஊறுகாய் எங்கள் வீட்டு ஜாடியிலேயே இருந்தது. நான் இருமினேன்.

"அம்மாவும் ஒங்களோட வரட்டும். அம்மா கண்ணால பாத்துச் சொன்னாத்தான் நான் நம்புவேன்."

முத்துமாரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

எங்கள் வீட்டில் வாசல்படி கிடையாது. கனகத்தின் சைக்கிள் ஏறி இறங்குவதற்காகப் படியை உடைத்து சிமெண்டில் சரிவு போட்டது. நான்கு வருஷமாக அதில் பக்கத்து வீட்டு ஆடுதான் ஏறி இறங்குகிறது. உள்ளறையில் அவளுடைய கட்டில். வெள்ளிக்கிழமை தவறாமல் முத்துமாரி அதன் விரிப்பை எடுத்துத் துவைத்து, வேறொன்று விரிப்பாள். யாரும் படுக்காத விரிப்பு எப்படி அழுக்காகும் என்று நான் ஒரு தடவை கேட்டேன். மூன்று நாள் பேசவில்லை. அதிலிருந்து கேட்பதில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்குக் குட்டியானை வண்டி வந்து நின்றது. டிரைவர் முத்துராஜ் இறங்கி, துண்டுக் கட்டுகளை நடையில் இறக்கினான். பின்னாலேயே சந்தனம்.

அச்சைக் கையால் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன கருப்பா?"

"கிரீஸு. துருப்பிடிக்காம இருக்க."

"என்னோடது வெள்ளத் துண்டு அண்ணாச்சி."

"அதான் பேப்பர் சுத்தியிருக்கேன்ல."

"பேப்பரா? மூணு நாளு கடல்ல குலுங்குனா பேப்பர் நிக்குமா? கடைக்காரரு துண்ட விரிச்சாருன்னா அம்புட்டும் கருப்பு. அடுத்த மாசம் என் போனையே எடுக்க மாட்டாரு. முத்துராஜு, கட்டத் தூக்கு. வண்டியில ஏத்து."

நான் கெஞ்சினேன். பிளாஸ்டிக் சுற்றுகிறேன் என்றேன். கடல் வெக்கையில் பிளாஸ்டிக்குக்குள் வேர்த்துத் துண்டு நாறும் என்றாள். முத்துராஜ் கட்டுகளைத் தூக்க ஆரம்பித்தான்.

நான் திரும்பி முத்துமாரியைப் பார்த்தேன். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். மூன்று வாரமாக அந்த முகத்தில் பார்க்காத ஒரு நிம்மதி. மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. உதட்டை மடித்துப் பார்த்தாள், முடியவில்லை. பெட்டி போகாது. மகள் வந்துவிடுவாள்.

அந்த நிமிஷம் நான் அவள்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. எனக்குள்ளும் ஒருவன் நிலையில் சாய்ந்துகொண்டு உதட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

சந்தனம் நல்ல மனசுக்காரி. ஆறுதல் சொல்லாமல் போக அவளால் முடியவில்லை. அங்கேதான் சிக்கல்.

"விடுங்க மதினி. இதுவும் நல்லதுக்குத்தான். பிள்ளைக்கும் நாப்பது ஆகப் போகுது. அந்தக் கால வச்சுக்கிட்டு கடல் தாண்டி என்னத்துக்குச் சீரழியணும்? வந்து ஒரு மூலையில நிம்மதியா உக்காந்துருக்கட்டும். மூணு வேளச் சோறு, டிவி. அவளுக்கு வேற என்ன வேணும்?"

முத்துமாரியின் முகத்திலிருந்த நிம்மதி, சுவிட்சை அணைத்தது போலப் போனது.

"மூலையா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மதினி."

"என் மகளுக்கு எந்த மூலைன்னு காட்டேன், பாப்போம்."

"மதினி..."

"மூலையில உக்காரவா அவ கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குனா? ஒரு காலு இல்லாமயா போச்சு அவளுக்கு? ரெண்டு காலு இருக்கிறவுகள்லாம் எங்க போயிக் கிழிச்சுட்டு வந்தாக? நான் இந்தத் தெருவத் தாண்டல. நீ விருதுநகரத் தாண்டல. அவ கடலைத் தாண்டுனவ."

உள்ளே போனாள். உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் துணி கிழிகிற சத்தம், நீளமாக, நான்கு தடவை.

வெளியே வந்தபோது தோளில் நான்கு விரிப்புகள். கெட்டியான, நம் ஊர்த் தறி விரிப்புகள். பாதி பாதியாகக் கிழித்திருந்தாள்.

"ஒங்க கோணியூசி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். நடையில் உட்கார்ந்து, சக்கரத்துக்கு ஒன்று, அச்சுக்கு இரண்டு சுற்று, சட்டத்துக்கு முழுநீளம் என்று உறை தைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஆயிரம் பேர் மூட்டை தைத்து நான் பார்த்திருக்கிறேன். லட்சம் பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நெருக்கமாக யாரும் தைத்ததில்லை. சந்தனம் பக்கத்தில் உட்கார்ந்து நூலைக் கோத்துக் கொடுத்தாள். ஒருமணி நேரத்தில் கிரீஸ் எல்லாம் துணிக்குள் போய்விட்டது. சந்தனம் தன் முந்தானையால் உறைகளின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். முந்தானையில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"முத்துராஜு, கட்ட எறக்கு" என்றாள்.

துண்டுகள் சக்கரத்துக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் போய் உட்கார்ந்தன. பெட்டிக்குள் ஒரு எறும்பு திரும்பிப் படுக்க இடமில்லை. ஒன்பதாயிரத்து நானூறு என் கைக்கு வந்தது.

முத்துமாரி ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"இதுனால நான் நம்பிட்டேன்னு நெனைக்காதீக. இது தோணியும் ஏறாது, அங்க போயிச் சேரவும் சேராது. ஒங்க ஊறுகா மாதிரிதான்."

உள்ளறை வழியாகப் போய்ச் சட்டை மாற்றினேன். கட்டிலில் வெறும் பாய் கிடந்தது.

முத்துராஜுக்குப் பக்கத்தில் நான், ஜன்னல் பக்கம் முத்துமாரி. மூன்று பேரும் பெட்டிக்குள் துண்டு மாதிரிதான் இருந்தோம். பந்தல்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடித்த காடு. சீமைக்கருவேலம். ஆள் இல்லாத பஸ் ஸ்டாப் ஒன்று, அடுத்த ஊர் வரைக்கும் வேறொன்றும் இல்லை.

நான் முத்துராஜுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். எண்பத்தெட்டில் ஒரு லாரியில் மூவாயிரம் மூட்டை ஏற்றினேன், டிரைவர் மேலே உட்கார்ந்து ஓட்டினார் என்பது வரை போய்விட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம" என்றாள் முத்துமாரி. ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள். "இனி என்னத்தத் தொவைக்க?"

முத்துராஜிடம் திரும்பி, அது மூவாயிரம் இல்லை, நாலாயிரம் மூட்டை என்றேன்.

தூத்துக்குடியில் ஏஜெண்ட் ஜெயக்குமார் துறைமுகத்துக்குள் போக எங்களுக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். தோணி வெங்காய மூட்டையை விழுங்கிக்கொண்டிருந்தது. ஜெயக்குமார் பெட்டியை டேப்பால் அளந்தார். ஐந்து, மூன்று, மூன்று. ஒன்பதாயிரத்து இருநூற்று அறுபது. நான் சந்தனம் கொடுத்த பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தேன். ஒரு நூறும் இரண்டு இருபதும் கையில் மிஞ்சின.

அவற்றை முத்துமாரியின் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"பாத்தியா? மாப்பிள்ள மாதிரி பணம் வாங்கிக்கிட்டுப் போறான்!"

"மொதல்ல ஏறட்டும்."

கையோடு பிரஷ்ஷும் கறுப்புப் பெயிண்ட் டப்பாவும் கொண்டுபோயிருந்தேன். பெட்டியின் மேல் என் மகள் பெயரை எழுத வேண்டும். இந்தக் கையால் எத்தனை ஊர்ப் பெயர், எத்தனை ஆள் பெயர் எழுதியிருக்கிறேன்! ஜெயக்குமார் தடுத்துவிட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. பெட்டி மேல கடைக்காரர் பேரு மட்டும்தான் இருக்கணும். ரெண்டு பேரு எழுதுனா அங்க எறக்கும்போது கொழப்பம் வரும். உள்ள இருக்கிறது எல்லாம் லிஸ்ட்ல போட்டிருக்கேன். பாருங்க, ஏழாவது வரி."

ஏழாவது வரியில் இருந்தது. மூன்று சக்கர சைக்கிள் பாகங்கள், கனகலட்சுமி டீச்சருக்கு. முத்துமாரி என்னை அதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

டப்பாவை மூடி வைத்தேன்.

மணி இரண்டு ஐம்பது. பெட்டி இன்னும் தரையில். சுமை தூக்குகிறவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாலத்தீவுக்கு நம்மைவிட அரைமணி நேரம் பின்னால் கடிகாரம். அவளுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

"ஏறிருச்சு தாயி! ஜம்முனு ஏறி உக்காந்துருச்சு! கடலே ரெண்டு அடி எறங்கிருச்சு!"

"அம்மாகிட்டக் குடுங்கப்பா."

கொடுத்தேன். கண்ணைக் காட்டினேன். கையைக் காட்டினேன். காலில் விழாத குறை.

முத்துமாரி போனைக் காதில் வைத்தாள். "இன்னும் ஏறல. தரையிலதான் கெடக்கு" என்றாள்.

பிறகு கனகத்தின் குரல் எனக்கும் கேட்டது.

"சரிம்மா. நான் ஆபீஸ் ரூம் வாசல்லதான் உக்காந்துருக்கேன். மூணு மணி வரைக்கும் பாக்குறேன். ஏறிருச்சுன்னா ஒங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும்மா. ஏறலைன்னா அதுக்கு அவசியமே இல்ல."

"என்னது?"

"ஏறட்டும்."

அந்த இன்னொன்று என்ன என்பது அடுத்த வாரம். போனை வைத்ததும் நான் முத்துமாரியிடம் பாய்ந்தேன். "ஒரு பொய் சொன்னா என்னடீ? அஞ்சு நிமிஷத்துல ஏறப்போற பெட்டிதான?"

"நீங்க சொன்னீகள்ல. நம்புனாளா? நானும் சொல்ல ஆரம்பிச்சா அந்தப் பிள்ள யாரத்தான் நம்பும்?"

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணி. மூன்று ஐந்து. டீக்கடையில் அவர்கள் பீடி பற்றவைத்தார்கள். தோணித் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர், "இன்னிக்கு முடியலைன்னா அடுத்த தோணி, பத்து நாள்ல" என்று ஜெயக்குமாரிடம் சொல்வது காதில் விழுந்தது.

நான் டீக்கடைக்குப் போனேன். அந்த ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தேன். ஒரே லாரியில் ஒரு சினிமாத் தியேட்டரையே, உள்ளே படம் பார்க்கிற ஆளோடு, திருச்சுழியிலிருந்து காரியாபட்டிக்கு மாற்றிய கதை. இடைவேளைக்கு முறுக்கு விற்றது வரை சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் இரண்டாவது கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

மூத்தவர் எழுந்துவிட்டார்.

"எந்திரிங்கலே. இந்தப் பெரியவரு வாய்க்கு அந்தப் பெட்டியே லேசா இருக்கும்."

மூன்று பதினெட்டுக்குக் கயிறு போட்டார்கள். மூன்று இருபதுக்குப் பெட்டி தரையை விட்டது. என் பெட்டி, வெறும் ஒரு உருப்படி, ஆகாயத்தில் மெள்ளச் சுற்றியது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் விட்டிருந்த இடத்தில் இறங்கியது. தண்டல் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினார். "காத்து அவ்வளவு நல்லால்ல. விடியக்காலம் கெளம்புறோம். மூணு நாளோ நாலோ, கடல் மனசு" என்றார்.

முத்துமாரி துறையின் விளிம்பு வரை போய்விட்டாள். ஒரு பையன் கையைக் காட்டி நிறுத்தும் வரை போனாள். எட்டிப் பார்த்தாள். பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. பிறகு அதன்மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். அதுவும் போனது.

மூன்று இருபத்து நாலு. போன் அடித்தது.

நான் பேசவில்லை. பிறந்ததிலிருந்து போனில் முதல் ஆளாகப் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். ஸ்பீக்கரைப் போட்டு முத்துமாரி கையில் கொடுத்தேன்.

"அம்மா? என்னம்மா ஆச்சு?"

முத்துமாரி தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேக்குதா? ஆறு நிமிஷந்தான் இருக்கு."

இல்லை என்று ஒரு சொல். அது போதும். மாசக் கடைசியில் அந்தப் பிள்ளை வந்துவிடும். சிமெண்டுச் சரிவில் ஆடு ஏறாது. மூன்று பேருக்கு உலை வைக்கலாம். லாரி செட்டுக்கு நான் போகவே வேண்டாம், என் பொய்யைக் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கும். பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தாலும் அடுத்த வாரம்தான் தெரியும், அதற்குள் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருப்பாள். இதெல்லாம் முத்துமாரிக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஏதாவது செய்யும்படி நான் கண்ணைக் காட்டவில்லை. கையைக் காட்டவில்லை. காட்டினால் எந்தப் பக்கம் காட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அப்பா மறுபடியும் சும்மா சொன்னாராம்மா?" என்று கேட்டாள் கனகம். குரல் சின்னதாகிவிட்டது. "பரவால்லம்மா. அப்ப நான் எழுதிக் குடுத்துட்டு..."

"இரு தாயி" என்றாள் முத்துமாரி.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏறிருச்சு. நான் இங்கனதான் நிக்குறேன், தோணிகிட்ட. கயித்தக் கட்டித் தூக்கி, உள்ள எறக்கி, தார்ப்பாயும் போட்டாச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நீ போயிக் கையெழுத்துப் போடு."

"நெசமாவாம்மா? அந்த வாடகைக் கத? துண்டுக்காரவுக காசு குடுத்து, சைக்கிள் சும்மா போயி, அதுக்கு மேல மிச்சம்னு..."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் யாரிடமும் சொல்லாததை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகளிடம், சத்தமாகவே சொன்னாள்.

"அதுவும் நெசந்தான். ஒங்கப்பா சொன்னது அம்புட்டும் நடந்துச்சு."